ஆர்கேட்: கூரை போட்ட கடைத்தெரு

நம் ஊர்களில் பல மாடிக் கடைக் கட்டடங்களுக்கு ‘ஆர்கேட்’ என்று பெயர் வைப்பது பழகிவிட்டது. அதனால் இந்தச் சொல்லைக் கேட்டதும் வணிக வளாகம்தான் நினைவுக்கு வருகிறது. பயணக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்களும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். பாரிஸில் இருக்கும் இருநூறு வருடப் பழமையான ஆர்கேடுகளை ‘வணிக வளாகங்கள்’ என்று எழுதினால், லிஃப்டும் ஏ.சி.யும் உள்ள கட்டடத்தைத்தான் படிப்பவர் நினைத்துக்கொள்வார். அங்கே இருப்பது வளாகம் இல்லை, ஒரு தெரு.

லத்தீனில் ‘ஆர்கஸ்’ என்றால் வில். அதிலிருந்து இத்தாலியில் வளைவைக் குறிக்க ‘ஆர்கோ’ வந்தது, அப்புறம் ‘ஆர்காட்டா’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘ஆர்கேட்’ ஆனது. நம் கொத்தனார்கள் சொல்லும் ‘ஆர்ச்’சும் இதே வேரிலிருந்து வந்ததுதான். தூண்களின் மேல் வரிசையாக நிற்கும் வளைவுகள் என்பது ஆர்கேடின் முதல் பொருள். பிறகு அந்த வளைவுகளை ஒட்டிய நடைவழிக்கும், அதில் கடைகள் வந்தபின் கடைகள் உள்ள கூரை வழிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1819இல் லண்டனில் பர்லிங்டன் ஆர்கேட் திறக்கப்பட்ட காலத்தில், இரு பக்கமும் கடைகள், மேலே கண்ணாடிக் கூரை என்ற பொருள் நன்றாக ஊன்றிவிட்டது. காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் வைத்த கூடங்களுக்கும் பின்னாளில் இந்தப் பெயர் போனது. ‘ஆர்கேட் கேம்’ அங்கிருந்து வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இவற்றைக் கலப்பதில்லை. பாரிஸின் ரிவோலி தெரு ஓரமாக நீளும் வளைவு வரிசையைத்தான் அவர்கள் ‘ஆர்காட்’ என்பார்கள். கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெருவுக்கு அவர்களுடைய சொல் ‘பஸ்ஸாஜ்’, அதாவது வழி. ஒரு தெருவில் நுழைந்து, கட்டடங்களுக்கு நடுவே நடந்து, அடுத்த தெருவில் வெளியே வரலாம். ஆர்கேடின் உயிர் இந்தக் குறுக்குவழியில்தான் இருக்கிறது.

அப்படி ஒன்று எதற்குத் தேவைப்பட்டது? 1800வாக்கில் பாரிஸ் தெருக்கள் பெரும்பாலானவற்றில் நடைபாதை கிடையாது. சேறு, சாக்கடை நீர், மேலே வந்து மோதுவதுபோல் போகும் குதிரை வண்டிகள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மடங்களிடமிருந்தும் பிரபுக்களிடமிருந்தும் பறிக்கப்பட்ட நிலங்கள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் நடுவே வழி விட்டு இரு பக்கமும் கடை கட்டி, மேலே கண்ணாடி போட்டார்கள். மழையில் நனையாமல், காலில் சேறு படாமல் கடை பார்க்க முடிந்தது. 1800இல் திறந்த பஸ்ஸாஜ் தெ பனோரமாவில் 1817இலேயே எரிவாயு விளக்கு எரிந்தது.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. 1850களில் பாரிஸை நிர்வகித்த ஓஸ்மான் நகரைக் கிழித்து அகலமான சாலைகளையும் நடைபாதைகளையும் போட்டார். போன் மார்ஷே மாதிரியான பெருங்கடைகளும் வளர்ந்தன. வெளியே நடப்பதே சுகமாகிவிட்ட பிறகு உள்வழிக்கு ஆள் குறைந்தது. பல இடிக்கப்பட்டன. மிஞ்சியவற்றில் கலேரி விவியென் போன்ற சில பளபளவென்று புதுப்பிக்கப்பட்டுவிட்டன. ஆனால் கட்டடக் கலைக்காகப் போகிறவர்கள் மங்கிப்போனவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

உதாரணத்துக்கு, 1828இல் திறந்த பஸ்ஸாஜ் பிராடி. கட்டியபோது 216 மீட்டர் நீளம். 1850களில் ஸ்திராஸ்பூர் பெருஞ்சாலை வந்து அதை இரண்டாக வெட்டிவிட்டது. மேற்குத் துண்டுக்கு இன்றும் கண்ணாடிக் கூரை இருக்கிறது, கிழக்குத் துண்டு வானம் பார்த்துக் கிடக்கிறது. 1970களில் புதுச்சேரிக்காரர் ஒருவர் இங்கே உணவகம் திறந்தார். அவரைத் தொடர்ந்து இந்திய, பாகிஸ்தானிய உணவகங்களும் மளிகைக் கடைகளும் முடிதிருத்தகங்களும் வந்தன. அதன் மேற்கு வாசல் இருக்கும் ஃபோபூர் சாந்தெனி தெருவில் அப்படியே வடக்கே நடந்தால் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் வந்துவிடும். பாரிஸ் போகும் தமிழர்கள் பலர் இதன் வாசலைத் தாண்டியே போகிறார்கள். உள்ளே போனால் பெயர்ப்பலகைகளுக்கு மேலே பாருங்கள். கீழ்த்தளம் கடைக்குக் கடை மாறியிருக்கும். மேல்தளத்தின் ஒரே அளவான சன்னல் வரிசையிலும், கூரையைத் தாங்கும் மெல்லிய இரும்புச் சட்டங்களிலும்தான் பழைய வடிவம் தெரியும்.

இன்னும் பழையது, 1798இன் பஸ்ஸாஜ் து கேர். நெப்போலியன் எகிப்துக்குப் படை எடுத்த ஆண்டு அது, அதனால் கெய்ரோவின் பெயர். முன்னே உள்ள கட்டடத்தின் முகப்பில் பசுக் காதுகளோடு எகிப்தியத் தேவி ஹாத்தோரின் தலைகள் மூன்று வரிசையாக எட்டிப் பார்க்கின்றன. உள்ளே மொத்த விலைத் துணிக்கடைகளும், கடைகளில் உடை மாட்டிக் காட்டும் பொம்மைகளை விற்பவர்களும். அலங்காரம் அதிகம் இல்லை. கண்ணாடிக் கூரையிலிருந்து இறங்கும் சாம்பல் வெளிச்சத்தில், இது முதலில் வியாபாரத்துக்காகக் கட்டிய வழி என்பது பளிச்சென்று புரியும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘வணிக வளாகம்’ பொருந்தாது. வளாகம் என்பது சுற்றி வளைத்த இடம், இதுவோ ஊடுருவிப் போகும் வழி. ‘அங்காடி’ அழகான பழஞ்சொல். மதுரைக்காஞ்சியில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்றே இருக்கிறது. ஆனால் ‘கூரை அங்காடி’ என்றால் காய்கறிச் சந்தைக் கொட்டகை போலத் தோன்றும். எனக்குச் சரியாகப் படுவது ‘கூரைக் கடைத்தெரு’. தெரு என்ற சொல் இருப்பதால் நடந்து கடப்பது தானாக வந்துவிடுகிறது. கண்ணாடியை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கண்ணாடிக்கூரைக் கடைத்தெரு’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

ரிவோலி தெருவில் இருப்பது போன்றதற்கு ‘வளைவுத் தாழ்வாரம்’ போதும். அதற்கு நெருங்கிய உறவான ஒன்றுக்கு மலேசிய, சிங்கைத் தமிழர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். கடைவீடுகளின் முன்னால் தொடர்ந்து ஓடும் கூரை நடைவழியை ‘அஞ்சடி’ என்பார்கள். 1822இல் சிங்கப்பூரில் ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்ட ஆணையில் செங்கல், ஓட்டு வீடுகள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு தாழ்வாரம் வேண்டும் என்றிருந்தது. மலாயில் அதற்குப் பெயர் ‘காக்கி லீமா’, அதாவது ஐந்து அடி. பினாங்கைப் பற்றி எழுதும்போது ஆர்கேடும் வேண்டாம், புதுச்சொல்லும் வேண்டாம், அஞ்சடி என்றே எழுதலாம்.