நீலகிரித் தைலம் தோலில் குளிர்வது எப்படி?

கோத்தகிரியிலிருந்து வாசகர் ஒருவர் நல்ல கேள்வி அனுப்பியிருக்கிறார். சளி பிடித்தால் நெற்றியிலும் நெஞ்சிலும் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொள்வது அவர் வீட்டு வழக்கம். மார்கழிக் காலையில் தேய்த்தால் தோல் சில்லிட்டுப் போகிறது. அதே குப்பியைச் சென்னையிலுள்ள மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சித்திரையில் தேய்த்தபோது மணம் குறையவில்லை, குளிர்ச்சிதான் பாதிகூட இல்லை. தைலம் கெட்டுப்போனதா, தன் தோல் மரத்துவிட்டதா என்று கேட்கிறார். இரண்டும் இல்லை.

மலையில் கற்பூர மரம் என்று அழைக்கப்படும் யூக்கலிப்டஸின் இலையை நீருடன் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பிரித்தெடுப்பதே இந்தத் தைலம். அதில் பெரும்பங்கு சினியோல் என்னும் ஒரே வேதிப்பொருள். அது ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அதனால் குளிர்கிறது என்று பலர் விளக்கம் சொல்வதுண்டு. ஸ்பிரிட்டுக்கு அது பொருந்தும். சினியோலோ 176 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிப்பது. மெல்லிய பூச்சாகத் தடவிய சில துளிகள் மெதுவாக ஆவியாவதால் இவ்வளவு குளிர்ச்சி வராது. ஊட்டிக் கடைகளில் விற்கும் யூக்கலிப்டஸ் மிட்டாயை வாயை மூடிக்கொண்டு சப்பினாலும் நாக்கு குளிர்கிறதே, அங்கே ஆவியாக ஏது வழி? குளிர்ச்சி தைலத்தில் இல்லை. அது உண்டாகும் இடம் தோலுக்குள் இருக்கிறது.

தோலின் அமைப்பைப் பள்ளியில் படித்திருப்போம்: மேலே ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனே உள்ள மேல்தோல், அதன் கீழே இரத்த நாளங்களும் கொலாஜன் இழைகளும் நிறைந்த உள்தோல், அதற்கும் கீழே கொழுப்பு, முடியும் நகமும் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இவற்றின் துணையுறுப்புகள். தைலத்துக்கு முதல் தடை மேல்தோலின் உச்சியில் உள்ள கொம்புப்படலம். உயிரிழந்து தட்டையான செல்கள் செங்கற்களாக அடுக்கப்பட, அவற்றின் இடுக்குகளைச் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து போலப் பூசி அடைத்திருக்கின்றன. நீரில் கரையும் பொருள்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். சினியோல் கொழுப்பை நாடும் பொருளாதலால், அந்தப் பூச்சுக்குள்ளேயே கரைந்து, அதன் ஒழுங்கையும் சற்றுக் குலைத்துக்கொண்டு இறங்குகிறது. பிற மருந்துகளைத் தோல் வழியே செலுத்துவதற்கு இதே குணத்தை மருந்தியலார் ஆராய்ந்து வருகிறார்கள். முடி முளைக்கும் குழிகளும் அதற்குக் குறுக்குவழி. உள்ளங்கையில் கொம்புப்படலம் மிகத் தடிமன், முடிக்குழிகளும் கிடையாது. அதனால்தான் தைலத்தை ஊற்றித் தேய்க்கும் கை சும்மா இருக்க, நெற்றி முதலில் உணர்கிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உள்தோலிலிருந்து கிளம்பும் மெல்லிய நரம்பு நுனிகள், தங்கள் உறைகளைக் களைந்துவிட்டு, மேல்தோலின் உயிருள்ள செல்களுக்கு நடுவே வரை நீண்டு நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றின் சவ்வில் டி.ஆர்.பி.எம்.8 என்ற புரதம் பதிந்திருக்கிறது. நான்கு ஒத்த துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளையை அமைக்க, அந்தத் துளை சாதாரண வெப்பநிலையில் பெரும்பாலும் மூடியே இருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது புரதம் வடிவம் மாறித் துளை திறக்கிறது, சோடியமும் கால்சியமும் அயனிகளாக உள்ளே பாய்கின்றன, சவ்வின் மின்னழுத்தம் மாறி நரம்பில் துடிப்பு எழுகிறது, தண்டுவடத்தைக் கடந்து மூளையை அடையும் அத்துடிப்பே 'குளிர்' என்று நாம் உணர்வது. சினியோல் இதே புரதத்தைத் தூண்டித் திறக்கும் நிலைக்குத் தள்ளிவிடுகிறது. புதினாவின் மென்தாலும் இதையே செய்கிறது, அதுவும் மிகக் குறைந்த அளவிலேயே. துளையைத் திறந்தது பனிக்காற்றா, எண்ணெயா என்று கேட்டறிய மூளைக்கு வழியில்லை. வந்து சேர்வது ஒரே துடிப்பு.

இதில் நுட்பம் என்னவென்றால், வேதிப்பொருளும் வெப்பநிலையும் தனித்தனியே இயங்காமல் ஒன்றன்மேல் ஒன்று கூடுகின்றன. துளை திறக்கும் வெப்பநிலையைத் தூண்டுபொருள் மேல்நோக்கி நகர்த்துகிறது. 28 டிகிரியில் திறக்க வேண்டியது அதைவிட இதமான சூட்டிலேயே திறந்துகொள்கிறது. கோத்தகிரியின் மார்கழிக் காலையில் நெற்றித்தோல் ஏற்கெனவே அந்த எல்லையை நெருங்கிக் குளிர்ந்திருப்பதால், தைலத்தின் சிறு தூண்டுதலே போதும். சித்திரைச் சென்னையில் 35 டிகிரியை ஒட்டி நிற்கும் தோலில் அதே துளிகள் எல்லையைத் தொடவே திணறுகின்றன. வாசகரின் குப்பி நன்றாகத்தான் இருக்கிறது. சிறிது நேரத்தில் குளிர்ச்சி அடங்குவதற்கும் இந்தப் புரதமே காரணம்: உள்ளே பாய்ந்த கால்சியமே அதன் செயலை மெல்ல மட்டுப்படுத்துகிறது. உடனே மறுபடி தேய்த்தால் முன்போல் குளிராமல் எரிச்சல்தான் மிஞ்சும்.

மென்தால் குளிர் உணரும் நரம்புகளையே நேரடியாகத் தூண்டுகிறது என்பதை ஹென்செல், சாட்டர்மன் என்ற இரு உடலியலாளர்கள் 1951-இல் எடுத்துக்காட்டினர். அந்த நரம்பில் உள்ள புரதம் எது என்பது தெரிய 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகியோரின் ஆய்வகங்கள் தனித்தனியே அதைக் கண்டறிந்தன. வெப்பமும் தொடுகையும் உணரப்படும் விதத்தை ஆராய்ந்ததற்காக இருவரும் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். புதினா ஏன் குளிர்கிறது என்று ஆராய நம் ஊரில் ஒருவர் நிதி கேட்டு விண்ணப்பித்தால், 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்' என்ற கட்டத்தை அவர் எதைக் கொண்டு நிரப்புவார் என்று நான் யோசிப்பதுண்டு. இதே புரதத்தைத் தூண்டிக் கண்ணீரைப் பெருக்கும் மருந்து, வறண்ட கண்களுக்காக 2025-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்தப் பயனை 1951-இல் எந்த விண்ணப்பத்திலும் எழுதியிருக்க முடியாது.

தைலம் 'உடம்புச் சூட்டை இழுத்து எடுக்கும்' என்று விற்பவர் சொல்வதை நம்பிக் காய்ச்சலுக்குத் தேய்ப்பவர்கள் உண்டு. அப்படி எந்தச் சூடும் வெளியேறுவதில்லை. மென்தாலைத் தோலில் பூசிய எலிகளின் உடல், குளிர் வந்துவிட்டதாக எண்ணிச் சூட்டைச் சேமிக்கத் தொடங்கியது. உடல் வெப்பம் சற்று ஏறியதே தவிர இறங்கவில்லை. மூக்கடைப்புக் கதையும் இப்படித்தான். கற்பூரம், யூக்கலிப்டஸ், மென்தால் ஆகியவற்றின் ஆவியை முகரச் செய்து மூக்கினுள் காற்றோட்டத் தடையை அளந்த 1983-ஆம் ஆண்டு ஆய்வில், அந்தத் தடை மாறவே இல்லை. முகர்ந்தவர்களோ மூச்சு இலகுவாகிவிட்டதாக உணர்ந்தார்கள். மூக்கின் உட்தோலிலும் அதே குளிர் நரம்புகள் உள்ளன, காற்று தாராளமாகப் போகிறதென்று அவை சொல்வதை மூளை ஏற்றுக்கொள்கிறது. இரவு தூக்கம் வர அந்த உணர்வு உதவுமென்றால் பெரியவர்கள் தேய்த்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

கைக்குழந்தைகளின் நிலை வேறு. அவர்களின் கொம்புப்படலம் மெல்லியது, உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். ஆகவே தேய்த்த தைலத்தில் பெரியவர்களைவிடக் கூடுதலான பங்கு இரத்தத்தில் கலக்கும். யூக்கலிப்டஸ் தைலத்தால் வலிப்பு வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன, சில மில்லிலிட்டர் விழுங்கினாலே நினைவு தப்பலாம். சளி பிடித்த சிசுவின் நெஞ்சிலோ மூக்கருகிலோ தடவ வேண்டாம். குப்பியை அலமாரியின் மேல்தட்டில் இறுக மூடி வையுங்கள்.