ஆஸ்பெக்ட் ரேஷியோ: அகல உயரத் தகவு

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ கேசட்டைக் கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கினோம். ஒல்லியான பெரியப்பா திரையில் பருத்துத் தெரிந்தார். தாம்பாளம் முட்டை வடிவில் இருந்தது. மாற்றும்போது தவறியது ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’.

ஒரு படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமே இது. அகலத்தை முதலில் சொல்வது வழக்கம். பழைய டிவியும் வீடியோ கேசட்டும் 4:3. இன்றைய டிவி 16:9. 4:3 படத்தை 16:9 திரை முழுவதும் இழுத்துப் பரப்பினால், அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

‘ஆஸ்பெக்ட்’ என்பதன் லத்தீன் வேருக்குப் ‘பார்த்தல்’ என்று பொருள். சோதிடத்தில் குரு பார்வை, சனி பார்வை என்கிறோமே, அந்தப் பார்வைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ‘ரேஷியோ’வும் லத்தீன், கணக்கிடுதல் என்ற பொருளில் பிறந்தது. விமான இறக்கையின் நீள அகலக் கணக்குக்கும் பொறியாளர்கள் இதே தொடரைப் பயன்படுத்துகிறார்கள்.

தமிழில் இதைத் ‘தோற்ற விகிதம்’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தோற்றம் என்றால் பிறப்பும்தான். அஞ்சலிச் சுவரொட்டியில் ‘தோற்றம், மறைவு’ என்றுதானே போடுகிறோம்? எதை எதனோடு ஒப்பிடுவது என்பதும் அந்தத் தொடரில் இல்லை. ‘அகல உயர விகிதம்’ என்றால் கேட்டவுடன் விளங்குகிறது. விகிதம் வடசொல் என்று நினைப்பவர்களுக்குத் ‘தகவு’ இருக்கிறது. ‘தகு’ என்ற வேரிலிருந்து வந்த சொல். ‘தக்கார் தகவிலர்’ என்று தொடங்கும் 114ஆம் குறளில் அது நடுவுநிலைமையைக் குறிக்கிறது. ஓர் அளவு இன்னோர் அளவுக்குத் தக்கபடி நிற்பது தகவு. எனவே ‘அகல உயரத் தகவு’ என்பதே என் தேர்வு.

டிவிடியில்தான் இது மிகவும் குழப்பும். நம் நாட்டு டிவி முறையான ‘பால்’ (PAL) முறை டிவிடியில் முழுச் சட்டத்தின் (‘ஃபிரேம்’) அளவு 720 × 576 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள்: 5:4 வருகிறது. 4:3 படமும் 16:9 படமும் இதே சட்டத்துக்குள்தான் அடைக்கப்படுகின்றன. அங்கே புள்ளிகள் சதுரமானவை அல்ல. திரையில் எந்தத் தகவில் விரிக்க வேண்டும் என்ற குறிப்பு வட்டில் தனியாகப் பதிவாகிறது. பிளேயர் அதைப் படித்துத்தான் படத்தை விரிக்கிறது. குறிப்பு தவறினால் படம் முழுவதும் கோணும். கைபேசியைப் படுக்கவைத்து எடுத்த 1920 × 1080 வீடியோவை 720 × 576 ஆக்கி ‘16:9’ என்று குறித்தால் சரியாக இருக்கும். அதையே ‘4:3’ என்று குறித்துவிட்டால் எல்லோரும் நெட்டையாகிவிடுவார்கள்.

சினிமாஸ்கோப் படத்துக்கு வேறு கணக்கு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வந்தது. அந்த வகைப் படங்களின் தகவு ஏறத்தாழ 2.35:1. டிவிடியில் 2.35 என்று குறிக்க வழியில்லை. 16:9 சட்டத்தின் 576 புள்ளி வரிகளில் நடுவில் சுமார் 436 வரிகளில் படத்தை வைத்து, மேலும் கீழும் தலா 70 வரிகளைக் கறுப்பாக விட வேண்டும். அந்தப் பட்டையைப் பலர் குறையாக நினைத்துத் திரையை நிரப்பித் தரும்படி கேட்கிறார்கள். நிரப்பினால் ஓரத்தில் நிற்பவர்கள் வெட்டுப்படுவார்கள், அல்லது எல்லோரும் நீண்டுபோவார்கள்.

பெரியப்பாவின் கேசட்டை ‘4:3’ என்று குறித்து மறுபடி மாற்றச் செய்தோம். இப்போது இருபுறமும் கறுப்புப் பட்டை. தாம்பாளம் வட்டமாக இருக்கிறது.