இரவு 2 மணிக்கு முழிப்பு வந்தால்

வன்னியில் ஆஸ்பத்திரிக்கு வந்து "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்பவர்கள் குறைவு. "நித்திரை வருதில்லை, ஒரே யோசினை", "நெஞ்சு படபடக்குது", "தலையிடி போகுதில்லை" என்றுதான் பேச்சுத் தொடங்கும். அதில் பிழையில்லை. மனம் களைத்துப் போனதை உடம்பு முந்திச் சொல்லிவிடும். நித்திரையைப் பற்றிக் கதைக்க யாரும் வெட்கப்படுவதில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

நித்திரை குறைந்தவுடன் பலரும் செய்வது, நேரத்தோடு படுக்கப் போவது. 8 மணிக்குப் பாயை விரித்து 12 மணி வரை புரண்டால், பாய் என்பது முழித்துக் கிடக்கிற இடம் என்று மூளை பழகிவிடும். செய்ய வேண்டியது இதற்கு எதிர்மாறு. எழும்பும் நேரத்தை இறுக்கிப் பிடியுங்கள். காலை 5 மணி என்றால், இரவு எப்படிப் போனாலும் 5 மணிதான். கண் சொருகும்போது மட்டும் படுங்கள். படுத்து ஏறக்குறைய 20 நிமிடமாகியும் நித்திரை வராவிட்டால் எழும்பி வந்து மங்கல் வெளிச்சத்தில் இருங்கள். உடுப்பு மடிக்கலாம், கச்சான் உடைக்கலாம். போனைத் தொட வேண்டாம். மணிக்கூட்டையும் பார்க்க வேண்டாம். "இன்னும் மூன்று மணித்தியாலம்தான்" என்ற கணக்கே படபடப்பைக் கூட்டிவிடும். முதல் வாரம் பகலில் அசதி கூடும், உழவு இயந்திரம் ஓட்டுபவர்கள் கவனமாக இருக்கவேண்டும். அந்த அசதியைக் கண்டு பாதியில் விட்டுவிடுபவர்களே அதிகம். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் எடுக்கும்.

தேத்தண்ணியில் உள்ள கபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் 5 மணித்தியாலம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த தேத்தண்ணியின் கபீனில் பாதி 11 மணிக்கும் உள்ளே நிற்கிறது. மத்தியானம் 2 மணிக்குப் பிறகு மல்லித் தண்ணிக்கு மாறுங்கள். சாராயமும் கசிப்பும் முதலில் அடித்துப் படுக்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: வெளிநாட்டு அழைப்பு. பாரிஸில் வேலை முடிந்து இரவு 7 மணிக்குத் தம்பி எடுத்தால் கிளிநொச்சியில் 10.30 அல்லது 11.30. கதை காணியிலும் கலியாணச் செலவிலும் போய் நிற்கும், பிறகு எப்படி நித்திரை? "தம்பி, ஞாயிறு உங்கட மத்தியானம் எடு, எனக்குப் பின்னேரமாயிருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாகக் கோவிக்கமாட்டார்.

யோசிக்காதே என்று யாரும் யோசினையை நிறுத்த முடியாது. அதற்கு ஒரு நேரம் கொடுக்கலாம். விளக்கு வைத்த பிறகு, படுக்கைக்கு வெகு முன்னரே, 15 நிமிடம் கொப்பியோடு இருங்கள். இடப்பக்கம் யோசினை, வலப்பக்கம் நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை. "வெள்ளிக்கிழமை கட்டவேண்டிய குழு லோன் காசு 3,500, கையில் 2,000" என்றால் எதிரே "காலையில் குழுத் தலைவியக்காவோட கதைக்க வேணும்". வலப்பக்கம் எதுவும் எழுத முடியாதவையும் இருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றிய யோசினைக்கு எதிரே என்ன எழுதுவது? அதை வெறுமையாகவே விடுங்கள். கொப்பியை மூடி வையுங்கள். இரவு அது திரும்ப வந்தால், "நாளைக்கு உனக்கு நேரம் இருக்கு" என்று சொல்லிவிடலாம்.

காட்டோர ஊர்களில் பின்னிரவில் யானையை விரட்ட வெடி கொளுத்துவார்கள். 2009 யுத்தத்தைக் கடந்து வந்த உடம்பு, மனத்தைக் கேட்காமலே பங்கரைத் தேடும். வாய் காயும், கை நடுங்கும், வியர்க்கும். இது விசரில்லை. எழும்பி இருந்து இரண்டு உள்ளங்காலையும் சீமெந்து நிலத்தில் அழுத்துங்கள், அந்தக் குளிர் தெரியட்டும். முகத்தில் தண்ணி அடியுங்கள். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "தகரம், நுளம்பு வலை, பிள்ளையின்ர சைக்கிள். இது என்ர வீடு." பிறகு மூக்கால் 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே, 5 நிமிடம். பயத்தில் பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் தலை சுற்றும், விரல் விறைக்கும். அந்த விறைப்பை வேறு வருத்தம் என்று எண்ணி இன்னும் பயப்படுவார்கள். இழுப்பதைவிட விடுவதுதான் நீளமாக இருக்கவேண்டும். ஆனால் நெஞ்சு நோவு அமத்திப் பிடித்தாலோ கைக்கோ தாடைக்கோ பரவினாலோ மூச்சுப் பயிற்சியில் நேரம் கடத்தாமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வயற்காவலுக்குப் போகிறவர்கள் இரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் முன்னிரவு, மற்றவர் பின்னிரவு என்று ஒரு வாரத்துக்காவது முறையை மாற்றாமல் வையுங்கள். நாளுக்கு நாள் மாறினால் உடம்பு எதற்கும் பழகாது.

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் இப்படியே போனால், அல்லது இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் சாப்பாடும் குறைந்தால், கிளினிக்குக்குப் போங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. "நான் இருந்து என்ன" என்ற கதை வந்தால் அன்றே போகவேண்டும். "சாகிற எண்ணம் வருதா" என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் அதிகரிக்காது. தயங்காமல் கேளுங்கள், தனியே விடாதீர்கள், வயலுக்கு அடிக்கிற நஞ்சு மருந்தை அன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம்.

பழைய சிட்டையைக் காட்டி நித்திரைக் குளிசை வாங்குவது வேண்டாம். சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், பழகியதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மனச்சோர்வுக்குத் தரும் குளிசை வேறு: பலன் தெரிய 2 முதல் 4 வாரம், குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரவேண்டும். கிளினிக்குக்குப் போகும்போது குடிக்கிற எல்லாக் குளிசைகளையும், ஆயுர்வேத மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். படுத்த நேரம், எழும்பிய நேரம் எழுதிய கொப்பியும் அதற்குள் இருக்கட்டும்.