லாங் ஹால், ஷார்ட் ஹால்: தமிழில் எப்படிச் சொல்வது?

விமானச் செய்திகளில் பயணத் தூரத்தைச் சொல்ல அடிக்கடி வரும் ஜோடி இது. லாங், ஷார்ட் இரண்டும் யாருக்கும் புரிந்துவிடும். ‘ஹால்’ (haul) என்றால்? வீட்டுக் கூடத்தைச் சொல்லும் ஹால் (hall) வேறு, இது வேறு. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

இந்த ஹாலுக்குப் பொருள் ‘இழுத்தல்’. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் கப்பலில் கயிறு இழுப்பதைக் குறித்தது. பிறகு பாரம் இழுப்பது, அப்புறம் ரயில் சரக்கை இழுத்துப் போகும் தூரம் என்று பொருள் நகர்ந்தது. தூரத்தோடு பணக்கணக்கு ஒட்டிக்கொண்டது அந்த ரயில் காலத்தில்தான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெரிய நகரங்களுக்கு இடையே ரயில் கம்பெனிகளுக்குள் கடும் போட்டி. அங்கே கட்டணத்தைக் குறைத்தார்கள். வழியில் இருக்கும் சிற்றூருக்கோ ஒரே கம்பெனிதான். அதனால் அதே தடத்தில் பாதி வழியில் இறங்கும் மூட்டைக்குக் கடைசிவரை போகும் மூட்டையைவிடக் கூடுதல் கூலி கேட்டார்கள்! விவசாயிகள் கொதித்துப்போனார்கள். 1887இல் வந்த மாநிலங்களிடை வணிகச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதைத் தடுத்தது. அந்தப் பிரிவையே ‘லாங் ஹால், ஷார்ட் ஹால்’ பிரிவு என்றுதான் சொன்னார்கள்.

விமானத்தில் எது குறுகியது, எது நெடியது என்பதற்கு ஒரே அளவு கிடையாது. ஐரோப்பாவின் விமானப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் யூரோகண்ட்ரோல் அமைப்பு 1,500 கி.மீ.க்குள் இருந்தால் ஷார்ட், 4,000 தாண்டினால் லாங் என்கிறது. சிலர் மணிக்கணக்கில் பிரிக்கிறார்கள்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பார்த்தால் குறுகிய பயணத்துக்குத்தான் செலவு அதிகம். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பறந்தவர்களுக்குத் தெரியும்: பெல்ட் விளக்கு அணைந்து, தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிடும். எரிபொருளை அதிகம் குடிப்பது மேலேறும் நேரம். தரையிறங்கும் கட்டணம், பெட்டி ஏற்றி இறக்கும் கூலி, தரையில் நிற்கும் நேரம் எல்லாவற்றையும் அந்தச் சின்னத் தூரமே சுமக்க வேண்டும். ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் விமானத்தின் உடலும் சேர்ந்து தேயும். ஹவாய்த் தீவுகளுக்குள் ஓடிய அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று 1988இல் நடுவானில் மேற்கூரையின் ஒரு பெரும்பகுதியை இழந்தது. அதுவரை அது பறந்தது 35,496 மணி நேரம்; ஏறி இறங்கியதோ 89,680 தடவை.

சரி, நெடியது மலிவா? ஓரளவுக்குத்தான். சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தூர வகை) 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதுவே சுமார் 130 டன். விமானம் புறப்படக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரிகிறது. ‘இழுத்தல்’ என்ற பழைய பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது. அதனால்தான் அதில் சாதாரண எகானமி இருக்கையே இல்லை. மொத்தம் 161 இருக்கைகள்.

இனி தமிழ்ச்சொல். பத்திரிகைகளில் ‘நீண்ட தூர’, ‘குறுகிய தூர’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் ‘குறுகிய’ என்றதும் எனக்குச் சந்துதான் நினைவுக்கு வருகிறது. அது அகலத்தோடு ஒட்டிய சொல். நம்மிடம் குறில்–நெடில் இருக்கிறது, குறுந்தொகையும் நெடுந்தொகை எனப்படும் அகநானூறும் இருக்கின்றன. அதே வார்ப்பில் குறுந்தொலைவு, நெடுந்தொலைவு. நடுவில் வருவதற்கு இடைத்தொலைவு. நெடுந்தொலைவு விமானம், குறுந்தொலைவுச் சேவை என்று தாராளமாக எழுதலாம்.