மூன்று அடுக்குத் துணி ஏன் நழுவுகிறது?

சட்டையும் பாவாடையும் அழகாகத் தைப்பவர்கள்கூட முதல்முறை கில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கும்போது அநேகமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித் துணி மூன்றையும் ஒரே அளவில் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நேராகத்தான் தைத்திருப்பார்கள். ஆனால் கோடு முடியும் இடத்தில் மேல் துணி மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கிளிநொச்சியில் நான் போகும் வகுப்பிலும் இதுதான் நடக்கிறது. எல்லோரும் தங்கள் கையைத்தான் குறை சொல்கிறார்கள். உண்மையில் காரணம் மெசின் துணியை நகர்த்தும் முறையில் இருக்கிறது.

ஊசித் தட்டுக்குக் கீழே இரும்புப் பற்கள் சில வரிசைகளாக இருக்கும். அவை மேலே எழும்பித் துணியைக் கவ்வும், பின்னால் தள்ளும், கீழே இறங்கும், பிறகு முன்னால் திரும்பி வரும். இந்த நான்கு அசைவு முறைக்கு அமெரிக்கரான அலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்றார். இன்றும் வீட்டு மெசின்கள் பெரும்பாலும் அப்படித்தான் துணியைத் தள்ளுகின்றன. பற்கள் நேரடியாகப் பிடிப்பது அடித் துணியை மட்டும்தான். மேலேயுள்ள துணி அதனுடன் உராய்ந்து பின்தொடர்ந்து வர வேண்டும். அதேவேளை மேலிருந்து அழுத்தும் பாதம் அசையாமல் நின்று அதைத் தடுக்கிறது.

இரண்டு துணி என்றால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் மெத்தென்ற பஞ்சு வந்ததும் கதை மாறிவிடும். ஒரு தையலின் நீளம் 2.5 மில்லிமீற்றர் என்றால் ஒரு மீற்றருக்கு 400 தையல். ஒவ்வொரு தையலிலும் மேல் துணி வெறும் 0.05 மில்லிமீற்றர் பின்தங்குவதாக வைத்துக்கொள்வோம். கோட்டின் முடிவில் அது 2 சென்ரிமீற்றர்! பாதத்துக்கு முன்னால் துணி சின்ன வரம்பு போலத் திரண்டு வருவதும் இதனால்தான்.

பழைய சீலையில் தைத்தால் சிக்கல் இன்னும் கூடும். எங்கள் பக்கத்தில் மார்கழி, தைப் பனிக்குக் குழந்தையைப் போர்த்த அம்மம்மாவின் சீலையைத்தான் முதலில் தேடுவார்கள். நைலெக்ஸ் சீலை வழுக்கும், பருத்திச் சாரம் பிடித்து நிற்கும். இரண்டையும் சேர்த்துத் தைப்பதென்றால் முதலில் கஞ்சி போட்டு அயன் பண்ணிக்கொள்வது நல்லது. கஞ்சி போட்ட பருத்தி எளிதில் இழுபடாது. அப்புறம் ஒரு கையகலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்தி, நடுக் கோட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒவ்வொரு கோடாகத் தைக்க வேண்டும். கோடுகள் எல்லாம் ஒரே திசையில் போகட்டும். ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தைத்தால் துணி எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்து இடையில் சுருக்கம் விழும்.

முழுத் தீர்வு வேண்டுமென்றால் ‘வோக்கிங் ஃபுட்’ என்ற பாதத்தை மாட்டலாம். அதன் சிறு கை ஊசியைப் பிடிக்கும் திருகாணியின்மேல் உட்காரும். ஊசி ஏறி இறங்க, பாதத்தின் அடியிலுள்ள பற்களும் கீழேயுள்ள பற்களோடு சேர்ந்து மேல் துணியை நகர்த்தும்.

இனி, தையல் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். பக்கத்துச் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், பார்க்கப் பார்க்க அலுக்காது. ஊசி அடிவரை இறங்கி, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் மேலெழும். அந்த நொடியில் துணி நூலை இறுக்கிப் பிடித்திருப்பதால் ஊசியின் பின்பக்கத்தில் நூல் சின்ன வளையமாகப் புடைக்கும். தட்டுக்குக் கீழேயுள்ள கொக்கியின் கூர்முனை அந்த வளையத்துக்குள் நுழைந்து, அடிநூல் சுற்றிய பொபினைச் சுற்றி அதைக் கொண்டுபோகும். மேலே ஏறி இறங்கும் ‘நூல் தூக்கி’ என்ற கை மிச்ச நூலை இழுக்க, இரு நூல்களும் பஞ்சுக்குள் பின்னிக்கொள்ளும்.

துணியைக் கையால் இழுத்தால் கெடுவது இந்த இடம்தான். ஊசி வளையும், கொக்கிக்கு வளையம் அகப்படாது, தையல் விடுபடும். இன்னும் இழுத்தால் ஊசி தட்டில் மோதி உடையும். “இழுக்காதையுங்கோ அக்கா, அது தானாப் போகும்” என்று எங்கள் ரீச்சர் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். தடித்த அடுக்குக்கு 90ஆம் இலக்க ஊசி நல்லது. அதன் தண்டு 0.9 மில்லிமீற்றர் தடிப்பு, அவ்வளவு சுலபமாக வளையாது.

அடிப்பக்கம் நூல் குப்பையாகச் சிக்கினால் உடனே பொபினைக் கழற்றுகிறோம். பெரும்பாலும் குற்றம் மேல் நூலில் இருக்கும். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால், மேல் நூலை அழுத்திப் பிடிக்கும் இறுக்கத் தட்டுகள் மூடியே இருக்கும், நூல் அவற்றுக்கிடையில் போய் உட்காராது. பாதத்தை உயர்த்திவிட்டு மறுபடி கோர்த்தால் பல தடவை சரியாகிவிடும்.

பூவும் கொடியுமாக வளைத்துத் தைக்கும்போது பற்களை இறக்கிவிடுவோம். பழைய கால் மெசினில் அந்த வசதி இல்லையென்றால் மேலே ஒரு மூடித் தகடு வைக்கலாம். அதோடு ஊசியுடன் சேர்ந்து ஏறி இறங்கும் துள்ளும் பாதம் ஒன்றையும் மாட்டினால், இனித் துணியை நகர்த்துவது முழுக்க நம் கை. மெசின் நிமிடத்துக்கு 600 தையல் போட்டால் நொடிக்கு 10. கை நொடிக்கு 25 மில்லிமீற்றர் நகர்ந்தால் தையல் 2.5 மில்லிமீற்றர், 50 நகர்ந்தால் 5. வளைவுகளில் கை தன்னை அறியாமல் தயங்கும், தையல் பொடியாகும். நேரான இடத்தில் ஓடும், தையல் நீளும். அதனால் முதலில் காலின் வேகத்தை ஒரே சீராக வைத்து, மெசினின் சத்தம் மாறாமல் ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சத்தத்துக்கு ஏற்பக் கையை நகர்த்துங்கள்.