கறுத்த அடிமண்ணுக்குள் ஒரு பழங்கடல்

கிள்ளை, பரங்கிப்பேட்டை வட்டாரத்து இறால் குளங்களில் நீரும் மண்ணும் பரிசோதிப்பது என் தொழில். அடிமண் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால், சுண்ணாம்பு தூவிவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். அங்கே நடப்பது என்ன என்று தெரிந்தால் அந்த நிம்மதி வராது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலை ஆண்ட வேதியியல் அந்தச் சேற்றில் மீண்டும் தலைதூக்குகிறது.

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை காற்றில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. கடல்நீரில் இரும்பு கரைந்து கிடந்தது. அது துருவாகிப் படிந்த அடுக்குகள்தான் பின்னர் பூமிக்கடியில் வெந்து இறுகிச் சேலம் கஞ்சமலையின் இரும்புப் பாறைகளாயின. நீலப்பச்சைப் பாசிகளால் காற்றில் ஆக்சிஜன் ஏறியதும், நிலத்துப் பாறைகளின் கந்தகம் சல்பேட்டாக மாறி ஆறுகள் வழியே கடல் சேர்ந்தது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் அந்தச் சல்பேட்டைச் சுவாசித்த பாக்டீரியாக்கள், அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடை (சுருக்கமாகச் சல்பைடு) வெளிவிட்டன. ஆழ்கடல் நெடுங்காலம் இப்படி நஞ்சேறிக் கிடந்தது என்று 1998-ல் புவிவேதியியலாளர் டொனால்ட் கேன்ஃபீல்டு முன்வைத்தார். கடல் முழுவதுமா, சில பகுதிகள் மட்டுமா என்ற விவாதம் பிறகு எழுந்தது. சல்பைடு நிறைந்த நீரில் மாலிப்டினம் என்ற உலோகம் கரைந்து நிற்பதில்லை. காற்றின் நைட்ரஜனை உயிர்கள் உணவாக்க அந்த உலோகம் வேண்டும். சிக்கலான உயிர்களின் வளர்ச்சி மந்தப்பட்டதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

குளத்துக்கு வருவோம். மிஞ்சிய தீவனமும் இறால் கழிவும் அடியில் சேர்கின்றன. பாக்டீரியாக்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. அடுத்து நைட்ரேட், பிறகு மண்ணிலுள்ள இரும்பு, கடைசியில் சல்பேட். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் அதற்குப் பஞ்சமே இல்லை. இரும்பு இருக்கும்வரை சல்பைடு அதனோடு சேர்ந்து கறுப்பாக மண்ணிலேயே தங்கும். இரும்பு தீர்ந்தால் நீருக்குள் கசியும். இறால் வாழ்வதோ அடியில்.

காலை பத்து மணிக்கு மேல்மட்ட நீரை எடுத்து ஆக்சிஜன் அளப்பதில் பயனில்லை. விடிவதற்கு முன், அடிமட்டத்தில் அளந்து பாருங்கள். ஆக்சிஜன் குறைவதும் பி.எச். (நீரின் அமில-கார அளவு) இறங்குவதும் அந்த நேரத்தில்தான், பி.எச். இறங்க இறங்கச் சல்பைடின் நஞ்சு கூடும். ஆக்சிஜன் 4 பிபிஎம்முக்குக் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே போனால் தீவனத்தைக் குறைத்து, நீரில் காற்றூட்டும் ஏரேட்டர்களைக் கூடுதலாக ஓட்டுங்கள். இறால் இருக்கும்போது கறுத்த திட்டுகளைக் கிளறவே வேண்டாம். அறுவடைக்குப் பின் குளம் வெடிப்பு விடும்வரை காயட்டும். அந்த வெடிப்புகள் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். பிச்சாவரத்து வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் இதே கறுப்புச் சேற்றில் மூச்சுவேர்களை நிமிர்த்தி வாழ்கிறது. இறாலுக்கு அந்த வசதி கிடையாது.

மனிதர்களுக்கும் இது ஆபத்து. மூடிய வடிகால் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி எந்தத் தொழிலாளியையும் உள்ளே இறக்காதீர்கள். ஒருவர் மயங்கி விழுந்தாலும் அவரைத் தூக்க இன்னொருவர் அப்படியே இறங்கக் கூடாது; உடனே தீயணைப்புத் துறையை அழையுங்கள்.