மூன்றாம் மாடிக் கதவுக்குப் பின்னால் லிப்ட் இல்லை

போன வாரம் ஒரு லிப்ட் குழிக்குள் இறங்கி ஒரு செருப்பை எடுத்து வந்தேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் இடது கால் செருப்பு. மூன்றாம் மாடியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டே லிப்ட் கதவின் கைப்பிடியை இழுத்திருக்கிறார். கதவு திறந்தது. தினமும் வைப்பதுபோலக் காலை எடுத்து உள்ளே வைத்தார். உள்ளே லிப்ட் இல்லை. அது ஐந்தாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்தவர் தோளைப் பற்றி இழுத்துவிட்டதால் செருப்பு மட்டும் கீழே போனது.

அந்தக் கட்டடத்து லிப்டைப் பராமரிப்பது நான் அல்ல. என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மெஷின் ரூமுக்குப் போய், லிப்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் பெட்டியைத் திறந்ததும் காரணம் கண்ணில் பட்டது. இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர். நாங்கள் ஜம்பர் என்போம். எல்லா மாடிக் கதவுப் பூட்டுகளும் 'நான் பூட்டியிருக்கிறேன்' என்று சொல்லும் சர்க்யூட்டின் இரு முனைகளையும் அந்த ஒயர் நேராகச் சேர்த்துவிட்டிருந்தது. இனி எந்தக் கதவு திறந்து கிடந்தாலும் லிப்டுக்குத் தெரியாது. தன் பாட்டுக்கு ஓடும்.

இந்த மாதத்தில் நான் இப்படிப் பார்ப்பது இது மூன்றாவது கட்டடம். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மூன்றாம் மாடிப் பூட்டு தேய்ந்துபோய்ச் சரியாக விழவில்லை. அதன் காண்டாக்ட் சேராததால் லிப்ட் அடிக்கடி நின்றது. அதாவது, லிப்ட் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. குடியிருப்போர் கோபப்பட்டார்கள். யாரோ ஒருவரை வரவழைத்தார்கள். பத்து நிமிடத்தில் லிப்ட் ஓடியது. பராமரிப்புப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே 'லிப்ட் ஓடுகிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வந்தவர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, என்ன மாற்றினார் என்பதும் இல்லை.

நான் அந்த ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தபோது சங்கச் செயலாளர் கேட்டார்: "அது இருக்கட்டும் சார், கயிறெல்லாம் நல்லா இருக்குல்ல? அறுந்துடாதே?"

எத்தனை வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்! இன்றைக்கு ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

லிப்ட் ஒற்றைக் கயிற்றில் தொங்குவதில்லை. பல எஃகுக் கயிறுகள் சேர்ந்து தாங்குகின்றன. மூன்றோ அதற்கு மேலோ கயிறு இருந்தால், தாங்க வேண்டிய எடையைப்போல் குறைந்தது 12 மடங்கு வலு வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரவிதி. இரண்டே கயிறு என்றால் 16 மடங்கு. ஒரு கயிறு போனாலும் லிப்ட் விழாது. சரி, எல்லாமே அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். லிப்டின் வேகத்தைத் தனியாகக் கவர்னர் என்ற ஒரு கருவி கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. வேகம் வரம்பைத் தாண்டினால் கவர்னர் பிடித்துக்கொள்ளும். உடனே லிப்டின் அடியிலுள்ள சேஃப்டி தாடைகள் இருபக்க ரெயிலையும் கவ்வும். அதே தரவிதிப்படி, நிர்ணயித்த வேகத்தில் குறைந்தது 115 சதவீதத்தைத் தொட்ட பிறகே கவர்னர் பிடிக்கும்படி வைத்திருப்பார்கள். 1854-இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில், கயிறு அறுந்தால் லிப்டைப் பிடித்து நிறுத்தும் கருவியை உருவாக்கிய எலிஷா ஓட்டிஸ் உயரத்தில் ஒரு மேடை மேல் நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை நின்றது. கயிறு அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்றைக்கே விடை கிடைத்துவிட்டது.

கயிறுகள் மொத்தமாக அறுந்து லிப்ட் விழுந்த கதை எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. 1945 ஜூலை 28 அன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மூடுபனியில் ஒரு பி-25 குண்டுவீச்சு விமானம் மோதியது. பெட்டி லூ ஆலிவர் என்ற லிப்ட் இயக்குநர் 75 மாடி உயரத்திலிருந்து லிப்டோடு கீழே போனார். உயிர் பிழைத்தார். கயிறுகளை அறுக்க ஒரு விமானம் வர வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைக் கேட்டுப் பலர் திகைத்துப்போகிறார்கள். கயிற்றின் மறுமுனையில் கவுன்டர் வெயிட் தொங்குகிறது. லிப்டின் சொந்த எடையோடு, ஏற்றக்கூடிய பாரத்தில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்தது அதன் எடை. ஆகவே ஒருவரோ இருவரோ மட்டும் உள்ளே இருக்கும்போது கனமான பக்கம் எதிர்ப்பக்கம்தான். அப்போது பிரேக் பிடிக்காமல் போனால் லிப்ட் கீழே விழாது, மேலே ஓடும். 2006 ஜூனில் டோக்கியோவின் மினாட்டோ பகுதியில், கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் மேலே நகர்ந்து, வெளியே வந்துகொண்டிருந்த 16 வயது மாணவன் நசுங்கி இறந்தான். கயிறுகள் அறுந்திருக்கவில்லை. பிரேக் தேய்ந்திருந்தது. அதற்குப் பிறகு, கதவு திறந்த நிலையில் லிப்ட் நகர்ந்தால் பிடித்து நிறுத்தும் தனிக் கருவியைப் புதிய லிப்ட்களுக்கு ஜப்பான் 2009-இல் கட்டாயமாக்கியது.

ஆக, லிப்டில் ஆபத்து கயிற்றில் இல்லை. கதவில் இருக்கிறது, பிரேக்கில் இருக்கிறது, இவை இரண்டையும் தொடும் கையில் இருக்கிறது. கயிற்றைப் பற்றிக் கேட்கும் ஒவ்வொருவரும் அந்தக் கை யாருடையது என்று கேட்டால் எனக்குப் பாதி வேலை குறையும்.

இதில் அரசு எங்கே வருகிறது என்று பார்ப்போம். லிப்ட் தொடர்பான சட்டம் பல நாடுகளில் மாநிலத்தின் கையில் இருக்கிறது. இந்தியாவில் பம்பாய் லிப்ட் சட்டம் 1939-இலேயே வந்தது. கர்நாடகம் 1974, தமிழ்நாடு 1997, கேரளம் 2013. உத்தரப் பிரதேசத்துக்கு 2024 வரை தனிச் சட்டமே இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே லிப்ட்களுக்கான பாதுகாப்புத் தரவிதி முதன்முதலில் 1921-இல் வெளிவந்தது. ஆனால் லிப்ட் மெக்கானிக்குக் கட்டாய உரிமம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வானளாவிய கட்டடங்களுக்குப் பேர்போன நியூயார்க் மாநிலத்திலேயே அதற்கான சட்டம் 2020-இல்தான் கையெழுத்தானது. ஓட்டிஸ் கயிற்றை வெட்டிக் காட்டிய ஊரில், அந்த இயந்திரத்தைத் தொடுபவரின் தகுதியை மாநிலச் சட்டம் கேட்க 166 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

உரிமம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. லிப்டை ஓட்டக் கட்டட உரிமையாளர் வாங்கும் உரிமம் ஒன்று. பராமரிக்கும் நிறுவனத்துக்கான உரிமம் இன்னொன்று. பெட்டியைத் திறந்து ஒயரைக் கழற்றும் அந்த ஒரு மனிதருக்கான உரிமம் மூன்றாவது. முதல் இரண்டும் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும். மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சட்டமே கேட்காத இடங்களும் நிறைய உண்டு.

எனக்கு மிக முக்கியமானது அந்த மூன்றாவதுதான். அரசு ஆய்வாளர் பெரும்பாலான இடங்களில் வருடத்துக்கு ஒருமுறை வருகிறார். ஆட்களை ஏற்றும் லிப்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுதாகச் சோதிக்கச் சொல்கிறது பிரிட்டனின் 1998 விதி. நல்லதுதான். ஆனால் மெக்கானிக் மாதம் தவறாமல் வருகிறார். ஆய்வாளர் வருவதற்கு முதல் நாள் மாலை ஜம்பரைக் கழற்றிவிட்டு, அவர் போன மறுநாள் காலை திரும்ப மாட்டிய கட்டடத்தை நானே பார்த்திருக்கிறேன். அன்று ஆய்வாளர் சோதித்தபோது எல்லாப் பூட்டும் சரியாகத்தான் வேலை செய்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. இயந்திரத்தை மட்டும் சோதிக்கும் சட்டம் அந்த ஒரு நாளைத்தான் காக்கும்.

"உரிமம் வைத்திருக்கிறவர் மட்டும் ஜம்பர் போடமாட்டாரா?" என்று கேட்பீர்கள். போடுவார். பழுது எங்கே என்று தேட நானும் போடுகிறேன். வேறுபாடு இதுதான். லிப்டை முதலில் பராமரிப்பு நிலைக்கு மாற்றி, பயணிகள் யாரும் ஏற முடியாதபடி செய்த பிறகுதான் போட வேண்டும். ஒவ்வொரு ஜம்பரும் நீளமாக, பளிச்சென்ற நிறத்தில், எண்ணிட்டு இருக்க வேண்டும். கிளம்பும்போது எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். பைக்குள் இரண்டு எடுத்து வந்தால் இரண்டு திரும்பிப் போக வேண்டும். ஒயர் வைத்து விளையாடவே தேவையில்லாதபடி, புதிய ஐரோப்பியத் தரவிதி கண்ட்ரோலரிலேயே, ஜம்பரின் வேலையைச் செய்யும் பைபாஸ் சுவிட்ச் ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைப் போட்ட கணமே சாதாரண ஓட்டம் நின்றுவிடும். பராமரிப்பு நிலையில் மட்டும் லிப்ட் நகரும், நகரும்போது ஒலியும் எழுப்பும். இந்தப் பழக்கமெல்லாம் ஒரே வாரத்தில் வருவதில்லை. மூத்தவர் ஒருவரின் கீழ் வருடக்கணக்கில் நின்று கற்பது. அமெரிக்காவில் லிப்ட் மெக்கானிக்காக வழக்கமாக நான்கு ஆண்டுப் பயிற்சி. உரிமம் என்பது அந்த ஆண்டுகளுக்கான அத்தாட்சி.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பூட்டு கையிருப்பில் இல்லை, மேனேஜர் அவசரப்படுத்துகிறார், செயலாளர் தலைமேல் நிற்கிறார். எல்லாம் தெரியும், நானும் அங்கே நின்றவன்தான். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுங்கள் அப்பா. திட்டு வாங்கினால் சாயங்காலம் மறந்துவிடும். குழிக்குள் இறங்கி வேலை செய்வதும் லிப்ட் கூரைமேல் நிற்பதும் நாம்தான். நேற்று ஒருவர் போட்ட ஜம்பர், அது தெரியாமல் இன்று வந்து ஏறும் இன்னொரு மெக்கானிக்கின் உயிரை எடுக்கும்.

குடியிருப்போருக்கு. வருகிற மெக்கானிக்கின் அடையாள அட்டையைக் கேளுங்கள். உங்கள் மாநிலத்தில் தனிநபர் உரிமம் உண்டென்றால் அதையும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவர் உங்கள் லிப்டைத் தொட வேண்டாம். பதிவேட்டில் என்ன பழுது, என்ன மாற்றினார் என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நின்று நின்று ஓடிய லிப்ட், எந்தப் பாகமும் மாற்றாமல் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் மகிழ்ச்சி அடையாதீர்கள், சந்தேகப்படுங்கள். கையால் திறக்கும் கதவென்றால் உள்ளே லிப்ட் நிற்கிறதா என்று பார்த்த பிறகே காலை எடுங்கள். குழந்தைகளுக்கும் அதைப் பழக்குங்கள். லிப்ட் வராமலே மாடிக் கதவு திறக்கிறது என்றால் அந்த நிமிடமே மெயினை அணைத்து, கதவுக்கு முன்னால் ஆளை நிறுத்துங்கள். விபத்து நடந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அனுமதி வரும்வரை ஓட்டக் கூடாது என்பது பல லிப்ட் சட்டங்களில் இருக்கிறது. 'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே' என்று மூடி மறைக்காதீர்கள்.

லிப்ட் நடுவில் நின்றுபோனால் தயவுசெய்து உள்ளேயே இருங்கள். காற்று வந்துகொண்டுதான் இருக்கும், மூச்சு முட்டாது. அலாரத்தை அழுத்திவிட்டுக் காத்திருங்கள். இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும் லிப்டிலிருந்து ஆளை இழுத்து இறக்குவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். லிப்ட் தரைக்குக் கீழே, குழி வரை திறந்த இடைவெளி இருக்கும். குதிக்கிறவர் சறுக்கினால் அதற்குள்தான் போவார். கதவைத் திறக்கும் முக்கோணச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்களா? அவருக்கு மீட்புப் பயிற்சி கொடுங்கள், இல்லையென்றால் இன்றே சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். பாவம், அவர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் திறக்கிறார்.

அன்று ஜம்பரைக் கழற்றிச் செயலாளர் கையிலேயே கொடுத்தேன். லிப்ட் நின்றுவிட்டது. "எப்ப சார் ஓடும்?" என்றார். பூட்டு வந்த பிறகு என்றேன். வர நான்கு நாள் ஆனது. பூட்டைப் பொருத்தியது உரிமம் உள்ள மெக்கானிக். ஒவ்வொரு மாடிக் கதவையும் இழுத்துப் பார்த்து, பதிவேட்டில் தன் பெயரையும் எண்ணையும் எழுதினார்.

செருப்பை அந்த அம்மாவிடம் கொடுத்தபோது வாங்கி ஓரமாக வைத்தார். "இனிமே படியிலேயே ஏறிக்கிறேன் தம்பி" என்றார். புதுப் பூட்டு போட்டாயிற்று, பயமில்லாமல் வாங்கம்மா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் இன்னும் லிப்டில் ஏறவில்லை.